பயந்தவருக்கும் பங்கு உண்டு

கேள்வி: ‘காதலிக்க நேரமில்லை’ ஓடியது ஸ்ரீதராலா, நாகேஷாலா? வீட்டில் இரண்டு கட்சி. தீர்ப்புச் சொல்லுங்கள். (வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: என் ஓட்டு மூன்றாவது கட்சிக்கு: டி.எஸ். பாலையா. ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று கைக்குட்டைகளை நனைத்துக்கொண்டிருந்த ஸ்ரீதர், 1964-இல் முழுநீள நகைச்சுவையைக் கலரில் எடுத்தார். மெரினாவும் விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டும் இருந்தால் எந்தப் படம்தான் ஓடாது என்பீர்கள். நியாயம். ஆனால் இன்றும் ஜனங்கள் தேடிப் பார்ப்பது அந்தப் பேய்க்கதைக் காட்சியைத்தான். அதில் பாட்டும் இல்லை, மெரினாவும் இல்லை. சத்தங்களையெல்லாம் நாகேஷ் வாயாலேயே கொடுக்கிறார், பாலையா உட்கார்ந்த இடத்திலேயே வெலவெலக்கிறார். 1936-இல் ‘சதி லீலாவதி’ தொடங்கி வில்லனாக எத்தனையோ பேரை மிரட்டியவர் மிரளும்போது சிரிப்பு இரட்டிப்பாகிறது (பழைய பாவக்கணக்கு தீர்கிற திருப்தியும் சேர்ந்திருக்கலாம்).

உங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த சூட்சுமம் முன்பே தெரியும். 1895-இல் லூமியேர் எடுத்த ஒரு நிமிடத்துக்கும் குறைவான படத்தில், பையன் தண்ணீர்க் குழாயை மிதிப்பது வெறும் குறும்பு. தோட்டக்காரர் முகம் நனைந்தால்தான் சிரிப்பு. ‘காதலிக்க நேரமில்லை’யின் இந்தி வடிவமான ‘பியார் கியே ஜா’வில் அதே கதையைச் சொன்ன மெஹ்மூதுக்குத்தானே ஃபிலிம்ஃபேர் விருது, பயந்த ஓம்பிரகாஷுக்கு இல்லையே என்று நாகேஷ் கட்சி மடக்கும். விருதுக் கமிட்டிகளுக்கு வாய் திறந்து பேசுகிறவர்தான் கண்ணில் படுவார்.