பத்து நிமிடத்துக்கு ஒரு முத்திரை

அனுப்புநர்:
சென்னையில் வீடு தேடும் ஒரு குடும்பத் தலைவர்,
(இப்போதைக்கு) திருச்சி.

பெறுநர்:
கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
சட்டமுறை எடையளவு, தொழிலாளர் துறை,
சென்னை.

பொருள்: வீட்டுமனை விளம்பரங்களில் புழங்கும் 'நிமிடம்' என்னும் அளவையைச் சோதித்து முத்திரையிடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

காய்கறிக் கடைத் தராசில் ஐம்பது கிராம் இடித்தால் தங்கள் துறை வழக்குப் போடுகிறது. எலக்ட்ரானிக் தராசென்றால் ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும் என்கிறது. ஆட்டோ மீட்டருக்கும் தாங்கள்தான் முத்திரை குத்துகிறீர்கள். அந்த மீட்டர் ஓடுவதே இல்லை என்பது தங்கள் குற்றமாகாது. இப்படிக் கிராமுக்குக் கிராம் கணக்குப் பார்க்கும் துறையின் கண்ணில் படாமல், ஞாயிறுதோறும் நாளிதழ்களின் முழுப்பக்கத்தில் ஓர் அளவை உலவுகிறது. அதன் பெயர் 'பத்தே நிமிடம்'.

நேரம் எங்கள் வேலையில்லை என்று மனுவைத் திருப்பிவிட வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், காலத்தின் அடிப்படை அலகு விநாடி என்று சொல்கிறது. விநாடி என்பது சீசியம் 133 அணுவின் கதிர்வீச்சில் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. கூடுவாஞ்சேரிப் பக்கம் எங்களுக்கு வீடு காட்டியவரின் விநாடிக்குள் இதைப்போல் நான்கு மடங்கு அதிர்வு அடங்குகிறது. அவருடைய பத்து நிமிடம் எங்கள் கடிகாரத்தில் நாற்பது.

விஷயம் இதுதான். எனக்குத் தரமணிக்கும் என் துணைவியாருக்குப் பாரிமுனைக்கும் மாற்றலாகியிருக்கிறது. ஊருக்குள் சின்ன வீடா, ஊருக்கு வெளியே பெரிய வீடா என்று இரண்டு மாதமாக வீட்டில் பட்டிமன்றம். சைட் பார்க்க வேனும் மதியச் சாப்பாடும் இலவசம் என்றார்கள், போனோம். ஞாயிறு காலை ஏழு மணி. ஜிஎஸ்டி சாலை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. பள்ளிப் பேருந்து இல்லை, கம்பெனி பஸ் இல்லை, சிக்னலில் மஞ்சள் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வேனில் வந்த இளைஞர் மணியைக் காட்டி, "பாத்தீங்களா சார், வண்டலூர்லேருந்து பத்து நிமிஷம்கூட ஆகல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தயாரானது, திங்கள் காலை எட்டு மணிக்குக் காலாவதியாகிவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிஸ்கட் பாக்கெட்டில்கூட நிகர எடை, தயாரித்த மாதம் எல்லாம் அச்சிட வேண்டும் என்று 2011-இல் விதி போட்ட நாட்டில், அறுபது லட்ச ரூபாய்ச் சரக்குக்கு அது கிடையாது.

திங்கட்கிழமை நிமிடத்தையும் சோதித்துப் பார்த்தோம். மனை வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டுநர் "ஸ்டேஷன், ஸ்டேஷன்" என்று கூவிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் நான்கு பேர், எதிர்ப் பலகையில் மூன்று பேர், ஓட்டுநருக்கு இந்தப் பக்கம் ஒருவர். அந்தப் பக்கம் காலி. "ஒரே ஒரு டிக்கெட்டு சார், எடுத்துருவேன்" என்றார். அந்த ஒரு டிக்கெட் தெருமுனையில் குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, கையசைத்து, அதன் பிறகு வந்தது. பிறகு நிலைய மேம்பாலப் படி, கூட்டம் பிதுங்கும் மின்ரயில், கிண்டியில் இறங்கி இன்னொரு பஸ். பாரிமுனைக்குப் போகிறவருக்குக் கிண்டி இறக்கம் இல்லை. ஆனால் கடற்கரை வரை நின்றுகொண்டே போக வேண்டும். ஒரே வீட்டிலிருந்து புறப்படும் இருவருக்கு இரண்டு தூரம். விளம்பரம் யாருக்கானதை அச்சிட்டது என்று தெரியவில்லை.

சதுர அடியிலும் ஒரு காலத்தில் இதே கூத்துதான் நடந்தது. படிக்கட்டு, லிஃப்ட், வாட்ச்மேன் நாற்காலி எல்லாவற்றையும் சேர்த்து 'சூப்பர் பில்ட்-அப்' என்று விற்றார்கள். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்கு இலக்கணம் வகுத்தது. நிமிடத்தில் ஏமாற்று அப்படியே தலைகீழாக நடக்கிறது. விளம்பரம் கார்ப்பெட் நிமிடத்தைக் காட்டுகிறது. நாங்கள் வாழப்போவது சூப்பர் பில்ட்-அப் நிமிடத்தில். ஆட்டோ நிரம்பக் காத்திருப்பது, ஸ்டாண்டில் வண்டி விட இடம் தேடுவது, முதல் ரயிலில் ஏற முடியாமல் அடுத்ததற்கு நிற்பது எல்லாம் அதன் பொதுப்பகுதி.

ஊருக்குள் இருப்பவர்களும் யோக்கியர்கள் அல்ல. மாம்பலத்தில் ஒரு வீட்டை 'ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம்' என்று காட்டினார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று ரங்கநாதன் தெருவை நடந்து கடந்தவர்களுக்கு, அதுவும் ஓர் அளவையல்ல என்று தெரியும். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும். ஆனாலும் அந்த வீட்டின் குறை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறை. புறநகர் வீட்டின் குறை அலுவலகம் போய்வரும்போதுதான் தெரியும்.

தங்கள் ஆய்வுக்காகக் கணக்கையும் வைக்கிறேன். புறநகரில் குடியேறினால், வாடகையோ தவணையோ, மாதம் 20,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. 25 வேலை நாளுக்கு ஆளுக்கு 75 மணி நேரம். ஊருக்குள் இருந்தாலும் 25 மணி நேரம் போகும். வித்தியாசம் 50. இருவருக்கும் சேர்த்து 100 மணி நேரம். ஆக, மணிக்கு 200 ரூபாய். அதிலும் ஷேர் ஆட்டோ, சீசன் டிக்கெட், ஸ்டாண்டு டோக்கன் கழிய வேண்டும். இதற்கு மிச்சம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபுட்போர்டில் நின்று சம்பாதித்த கூலி என்பதுதான் சரி. விடிவதற்கு முன் சமையலை முடித்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவரின் கூலி இந்தக் கணக்கில் வரவே இல்லை. விளம்பரப் படத்தில் அந்த அம்மாள் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். கூலி சிலருக்குக் கட்டுப்படியாகும். வேறு வழியும் இருக்காது. கட்டுப்படியாகும் என்று தெரிந்து வாங்குவது வேறு, இலவசம் என்று நம்பி வாங்குவது வேறு.

'விரைவில்' என்ற சொல்லையும் சோதனைக்கு எடுக்க வேண்டுகிறேன். பழைய மகாபலிபுரம் சாலை விளம்பரங்கள் எல்லாவற்றிலும் 'விரைவில் மெட்ரோ' ஓடுகிறது. பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து 'விரைவில்' போய்ச் சேர வேண்டிய பரங்கிமலை சுமார் 5 கிலோமீட்டர். அடுத்த பதினைந்து ஆண்டில் அந்த 5 கிலோமீட்டரை ரயில் தாண்டவில்லை. நடந்து போயிருந்தால் ஒன்றரை மணி நேரம்.

'சென்னை' என்ற சொல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான். மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக்க 2022-இல் அரசாணை வந்தது. அரக்கோணமும் இனி சென்னைக் கணக்கு. 'கிளாம்பாக்கம் முனையத்துக்கு மிக அருகில்' என்பதில் மட்டும் உண்மை இருக்கிறது. 2023 டிசம்பர் 30-இல் முனையம் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை, ஆனால் திருச்சிக்குப் பேருந்து இருந்தது. ஊருக்குள் போவதைவிட ஊர் திரும்புவது எளிது என்பதை எங்களைப் போன்றவர்களுக்கு நாசூக்காகச் சொல்கிறார்கள் போலும்.

ஆகவே தாங்கள் ஆவன செய்ய வேண்டியவை:

1. விளம்பரத்தில் வரும் ஒவ்வொரு நிமிடமும் வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை, வேலைநாள் காலை எட்டு மணிக்கு, பொதுப் போக்குவரத்தில் அளக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

2. மழைக்கால நிமிடம் தனியாக அச்சிடப்பட வேண்டும். முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கமென்றால் அதைக் கொட்டை எழுத்தில்.

3. 'விரைவில்' என்று எழுதுபவர் ஆண்டைக் குறிப்பிட வேண்டும். தவறினால் அந்த ஆண்டு முதல் எங்கள் ஷேர் ஆட்டோ காசை அவர் தர வேண்டும்.

நேரில் விசாரிக்க முத்திரை ஆய்வாளரை அனுப்புவதாயின் திங்கட்கிழமை அனுப்புங்கள். துறை ஜீப் வேண்டாம், சைரன் வேண்டாம். மனை வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கும். ஓட்டுநருக்கு அந்தப் பக்க இடம் எப்படியும் காலியாகத்தான் இருக்கும். ஒன்பதரைக்குள் ஆய்வாளர் தரமணியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அன்று மாலையே அட்வான்ஸ் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இன்னும் வீடு முடிவாகாதவர்.