சாசேஜுக்கு என்ன நட்சத்திரம்?

தென்காசியில் சூப்பர் மார்க்கெட் என்று பலகை மாட்டிய கடைகளில் இப்போது கண்ணாடி மூடி போட்ட ஐஸ்பெட்டி தவறாமல் இருக்கிறது. ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் கோழி சாசேஜ் படுத்திருக்கிறது. சீசனுக்குக் குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்குகிறவர்களும், பிள்ளையின் டிபன் பெட்டிக்கு வழி தேடும் தாய்மாரும் அதை எடுத்துப் போகிறார்கள். கல்லில் போட்டு நாலு புரட்டு புரட்டினால் காலைப் பலகாரம் முடிந்தது. அந்தப் பாக்கெட்டில் ஒரே ஓர் உண்மையை மட்டும் நாலடி தள்ளி நின்றே தெரிந்துகொள்ளலாம்: இது அசைவம்.

கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம். முன்பு அது பழுப்பு வட்டமாக இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் அதைச் சைவத்தின் பச்சை வட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாதே என்று 2020 விதிகளில் முக்கோணமாக்கியது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். என்ன கருணை! எழுத்துத் தெரியாதவர், நிறம் தெரியாதவர், அவசரத்தில் இருப்பவர், ஒருவர்கூடத் தெரியாமல் மாமிசம் தின்றுவிடக் கூடாது. தெரியாமல் உப்புத் தின்னலாம். தெரியாமல் கொழுப்புத் தின்னலாம். அது பாவக் கணக்கில் சேராது. ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் சேரும்.

உப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? பாக்கெட்டைத் திருப்ப வேண்டும். பனியைத் துடைக்க வேண்டும். மடிப்பில் மறைந்த அட்டவணையில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருக்கும். நூறு கிராமுக்கு 800 என்றால் அதை இரண்டரையால் பெருக்கி, இரண்டு கிராம் உப்பு என்று கடையில் நின்றபடியே மனக்கணக்குப் போட வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே ஐந்து கிராமுக்குள். நாலு துண்டு உள்ளே போனால் நாற்பது சதவீதம் தீர்ந்தது. சாம்பார், பொரியல், ஊறுகாய் எல்லாம் இனிமேல்தான். பிள்ளைக்கோ வரம்பு இன்னும் குறைவு.

பேரனுக்கு வாங்க வந்த ஆச்சி கேட்பது ஒன்றே ஒன்று: "ஏ ஐயா, இது கோழிதானா? பிள்ளைக்குச் சத்துதான?"

"ஆமா ஆச்சி, முன்னாலயே போட்டிருக்கு பாருங்க, புரோட்டீன்."

கடைப்பையன் பொய் சொல்லவில்லை. புரதம் இருக்கிறது, அது முன்னால் இருக்கிறது. பின்னால் இருப்பவை தண்ணீர், ஸ்டார்ச், சோயாப் புரதம், அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் பிடித்துவைக்கும் பாஸ்பேட், நிறத்தையும் ஆயுளையும் காக்கும் ஐ.என்.எஸ். 250. கடைசியாகச் சொன்னதன் வீட்டுப் பெயர் சோடியம் நைட்ரைட். கொடிய கிருமியை அது தடுக்கும் என்பது உண்மை. பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் வகைப்படுத்தியதும் உண்மை. புகையிலைக்குச் சமமான ஆபத்து என்று அது சொல்லவில்லை. சான்று அந்த அளவுக்கு உறுதி என்றுதான் சொன்னது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்ற மதிப்பீட்டையும் கொடுத்தது. ஐம்பது கிராம் என்பது இரண்டு துண்டு. இதற்கு முகப்பில் இடமில்லை. முகப்பில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

"பார்டர் பரோட்டா மட்டும் யோக்கியமா?" என்று கேட்பவர்கள் உண்டு. யோக்கியம்தான் ஐயா! அந்தப் பரோட்டாவின் ஊரான பிரானூரில் கல்லைச் சுற்றி எண்ணெய் மிதப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருகிறோம். வளரும் பிள்ளைக்கு உகந்தது என்று எந்தப் பரோட்டாவும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டதில்லை.

இனி ஆணையத்தின் வேகத்தைப் பார்ப்போம். பாக்கெட்டின் முகப்பிலேயே விவரம் வேண்டும் என்று 2014-ல் அதன் நிபுணர் குழு பரிந்துரைத்தது. 2018-ல் வரைவு வந்தது: உப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லை மீறினால் சிவப்பு அடையாளம். கம்பெனிகளின் முகம் சிவந்தது. வரைவு உள்ளே போயிற்று. 2019-ல் இன்னொரு வரைவு. அதே வருஷம் நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒரு மாவட்டத்தையே பிரித்து, எல்லை போட்டு, கலெக்டரை உட்காரவைத்துவிட முடிகிறது. ஒரு கட்டத்துக்குச் சிவப்பு மை தடவ முடியவில்லை. 2020 விதிகளில் முக்கோணம் வந்தது, முகப்பு எச்சரிக்கை வரவில்லை.

2022 செப்டம்பரில் எச்சரிக்கைக்குப் பதிலாக விருது வந்தது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரிக்கும் வரைவு. இந்த நாட்டில் பிறந்த யாருக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு, சாசேஜ் மட்டும் என்ன பாவம் செய்தது? கணிதமும் ஜோசியக் கணிதமேதான். உப்பும் கொழுப்பும் தோஷம். புரதமும் நாரும் பரிகாரம். தோஷத்தில் பரிகாரத்தைக் கழித்தால் ஜாதகம் சுத்தம். எவ்வளவு மோசமான பண்டத்துக்கும் குறைந்தது அரை நட்சத்திரம் நிச்சயம், பூஜ்யம் என்பதே கிடையாது. அதையும் முதல் 48 மாதங்களுக்குக் கம்பெனி விரும்பினால் ஒட்டிக்கொள்ளலாமாம். திருடன் விரும்பினால் விலங்கு போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு இது தம்பி முறை.

ஆணையத்தார் குற்றாலத்துக்கு ஒருமுறை வந்து போகட்டும். மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் அன்றைக்குக் குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதுவார், கூட்டம் விலகும். 'இன்றைய வெள்ளத்துக்கு மூன்றரை நட்சத்திரம். அபாயம் உண்டு, ஆனால் மூலிகைக் குணமும் உண்டு. கழித்துப் பார்த்துக் குளிப்பவரே முடிவு செய்க' என்று அங்கே யாரும் பலகை வைப்பதில்லை. 2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடுத்தது. நல்ல உத்தரவு. அருவியின் வயிற்றுக்கு ஒரு காவல் கிடைத்தது. குளித்துவிட்டுப் பசியோடு வரும் பிள்ளையின் வயிற்றுக்குத்தான் கிடைக்கவில்லை.

சிலியில் 2016 முதல் எல்லை மீறிய பண்டத்தின் முகத்தில் கருப்பு எண்கோணம். நட்சத்திரம் கிடையாது, பரிகாரம் கிடையாது. 'அதிகம்' என்று மட்டும் போட்டிருக்கும். இங்கே முகப்பு எச்சரிக்கை கேட்டுப் பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. வரைவுக்கு வந்து குவிந்த 14,000-க்கும் மேற்பட்ட கருத்துகளைப் பார்த்து மூன்று மாதத்தில் நிபுணர் குழு பரிந்துரை தர வேண்டும் என்று 2025 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. ஜூலையில் போய் நின்று இன்னும் மூன்று மாதம் வாங்கிக்கொண்டார்கள். இந்தியாவின் நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவால் வருகிறது என்று அரசின் சொந்த ஆய்வு மன்றமே 2024-ல் அச்சடித்துக் கொடுத்த பிறகும் இவர்களுக்கு அவகாசம் போதவில்லை.

ஆகவே ஒரு பணிவான யோசனை. குழுவின் அடுத்த கூட்டத்தைக் குற்றாலத்திலேயே சாரலில் நடத்துவோம். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சாசேஜ். ஆளுக்கு நாலு துண்டு. கூட இட்லி கிடையாது, மோர் கிடையாது. அட்டவணையைப் படிக்க விரும்புவோர் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். வாசலில் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ் உட்காருவார். பரிந்துரையில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் ரசஞ்சோறு. மூன்று மாத வேலை மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் முடியாவிட்டால் கேளுங்கள்.