எல்லாம் பிரமாதம், நன்றி!

டார்பிஷயரில் ஏதாவது ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேவாலயம், ஒரு சிவப்புத் தபால்பெட்டி, ஒரு பப். பப்பின் பெயர் அநேகமாக 'ரெட் லயன்'. இங்கிலாந்துக் காட்டில் சிங்கம் கிடையாது. அந்தக் குறையைப் பப்காரர்கள் ஊருக்கு ஊர் வாசலில் ஒன்றைத் தொங்கவிட்டுத் தீர்த்துவைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு உள்ளே நுழைந்தால் ஜன்னலோர மேசையில் நம் கதாநாயகர் இருப்பார். அறுபத்தைந்தைத் தாண்டியவர், ஓய்வு பெற்றவர். முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர். மேசைக்கு அடியில் மழையில் நனைந்த நாய். எதிரே மனைவி. முன்னால் தட்டு நிறைய ரோஸ்ட் பீஃப், உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், இவற்றின் மேல் கிரேவி. அந்தக் கிரேவி ஆறிப்போயிருக்கிறது.

இதை அவர் மனைவியிடம் சொல்வார். பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வார். நாயிடம்கூட ஒரு பார்வையால் தெரிவித்துவிடுவார். அவர் சொல்லவே மாட்டாத ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்: அதைச் சூடாக்கிக் கொண்டுவரக்கூடியவர்.

அவருடைய அவஸ்தை சாப்பாடு வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆங்கிலக் கிராமத்துப் பப்பில் உட்கார்ந்த இடத்துக்கு யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்பது வழக்கமில்லை. மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு நாம்தான் எழுந்து கவுண்டருக்குப் போக வேண்டும். அங்கே வரிசை இருக்காது. ஆனால் இருக்கும். நாலைந்து பேர் கவுண்டரில் சும்மா சாய்ந்துகொண்டிருப்பது போலத் தோன்றும். யாருக்கு முன் யார் வந்தார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும், கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்ணுக்கும் தெரியும். கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியலாளர் 2004ல் ஆங்கிலேயர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வரிசைக்கென்றே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார். கையை ஆட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, பணத்தை நீட்டக் கூடாது. புருவத்தை லேசாக உயர்த்தலாம். நம்மவர் அந்த உரிமையைக்கூட முழுதாகப் பயன்படுத்துவதில்லை. "அடுத்தது யார், டக்?" என்று அந்தப் பெண் கேட்கும்போது (டார்பிஷயரில் செல்லமாக அப்படித்தான் அழைப்பார்கள், எழுபது வயதுக்காரரும் அங்கே வாத்துதான்) நேற்று முளைத்த இளைஞன் ஒருவன் வாயைத் திறந்துவிடுவான். உடனே சுதாரித்து, "ஸாரி, நீங்கதானே முன்னாடி?" என்பான். நம்மவர், "இல்லை இல்லை, நீங்க வாங்குங்க" என்று பெருந்தன்மையாகக் கையைக் காட்டிவிடுவார். அந்தப் பெருந்தன்மையைப் பற்றி மேசைக்குத் திரும்பியதும் அரை மணி நேரம் கொதிப்பார்.

கையோடு கொண்டுவந்த பியர் இருக்கிறதே, அது தனிக் கதை. ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. அதில் நுரை எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்பதில் இங்கிலாந்து இரண்டுபட்டுக் கிடக்கிறது. வடக்கே கோப்பையின் தலையில் கெட்டியாக நுரை நிற்காவிட்டால் பியர் செத்துப்போனது என்பார்கள். தெற்கே நுரை நின்றால் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்பார்கள். டார்பிஷயர் இரண்டுக்கும் நடுவில் கிடப்பதால் நம்மவருக்கு இரண்டு குறையும் சொல்ல வசதி. நுரை போகத் திரவம் 95 சதவீதமாவது இருக்க வேண்டும், கேட்டால் நிரப்பித் தர வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்களே வகுத்துக்கொண்ட நெறி. 'கேட்டால்' என்ற இடத்தில்தான் நம்மவர் மாட்டிக்கொள்கிறார். கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நுரையின் உயரத்தைக் கணக்கிட்டு, மனைவியிடம் தொகையைக் காசு சுத்தமாக அறிவிப்பார். பிறகு குடித்துவிடுவார்.

நியாயமாகச் சொன்னால், பியர் விஷயத்தில் மட்டும் அவர் எப்போதாவது வீரம் காட்டுவதுண்டு. பீப்பாயிலிருந்து கையால் இழுத்து ஊற்றுகிற ஏல், 11 முதல் 13 டிகிரியில் கொடுக்கப்படுவது. வெளிநாட்டுக்காரர்கள் வெந்நீர் என்று முகத்தைச் சுளிப்பார்கள். அதுதான் அதன் பதம். அந்தப் பீப்பாய் சில நாளில் புளித்துவிடும். 1971ல் அயர்லாந்துக்கு விடுமுறையில் போன நான்கு ஆங்கிலேயர்கள், இந்த மாதிரி உயிருள்ள பியர் அழிந்துவிடக் கூடாதென்று 'காம்ரா' என்ற இயக்கத்தையே தொடங்கினார்கள். ஆகவே புளித்த பியரைத் திருப்பிக் கொடுப்பது ஓர் இயக்கத்தின் வேலை. அவருக்குச் சொந்தப் பொறுப்பு குறைவு. அப்போதும் கவுண்டருக்குப் போய், "மன்னிக்கணும், ஒருவேளை என் நாக்குதான் சரியில்லையோ என்னவோ" என்றுதான் ஆரம்பிப்பார். அவர்கள் மறு பேச்சில்லாமல் வேறு ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு குறை தீர்ந்துபோனதில் அவருக்குச் சற்றே ஏமாற்றமாக இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். அவர் இளைஞராக இருந்தபோது பப் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பாக்கெட், பன்றித்தோல் பொரியல் ஒரு பாக்கெட், கவுண்டர்மேல் கண்ணாடி ஜாடியில் வினிகரில் மிதக்கிற அவித்த முட்டை. அந்த முட்டை எந்த வருஷத்தியது என்று யாரும் கேட்டதில்லை. பிறகு 1991ல் லண்டன் ஃபாரிங்டனில் 'தி ஈகிள்' என்ற பப்பை எடுத்த இருவர் அங்கே ஒழுங்காகச் சமைக்க ஆரம்பிக்க, 'கேஸ்ட்ரோபப்' என்ற வார்த்தை பிறந்தது. அந்த அலை மெல்ல மெல்லக் கிராமத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் வழியில் சமையலைத் தவறவிட்டுவிட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை மட்டும் கொண்டுவந்து இறக்கியதோ என்று சில இடங்களில் எனக்குத் தோன்றும். சிப்ஸ் குட்டித் தகர வாளியில் வருகிறது. மீன், கூரைக்குப் போடுகிற கறுப்புப் பலகைக்கல்லில் வருகிறது. விளிம்பில்லாத கல்லில் சாஸை ஊற்றினால் எங்கே போகும்? நம்மவர் பேன்ட்டுக்குப் போகும். அவர் அதைத் துடைத்துக்கொண்டே, "பார்க்க அழகாத்தான் இருக்கு" என்பார்.

அவருடைய அரசியல் மெனுவிலும் தெரியும். வியாழக்கிழமை 'கறி நைட்'டில் பாதிச் சோறும் பாதி சிப்ஸுமாக வைத்து அதன் மேல் கோழிக்குழம்பை ஊற்றித் தருகிற கொடுமையை அவர் வாய் பேசாமல் சாப்பிடுவார். அதை இந்தியச் சாப்பாடு என்றே நம்புகிறார், நான் மறுத்ததில்லை. ஆனால் பிளவ்மேன்ஸ் லஞ்ச் என்றால் கண் கலங்கும். ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெங்காயம்: ஏர் உழுத பாட்டன் பூட்டன் வயல் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டதாம். ரொட்டியும் சீஸும் பழசுதான். அந்தப் பெயரை ஊரெங்கும் பரப்பியது, 1950களிலும் 60களிலும் சீஸ் விற்பனையைப் பெருக்க அலைந்த வாரியங்கள். இதை அவரிடம் சொன்னால் நட்பு முறிந்துவிடும்.

இப்போது அந்த நிமிஷம் வருகிறது. பரிமாறுகிற பெண் பள்ளிக்கூட மாணவி. வார இறுதியில் கைச்செலவுக்காக வேலைக்கு வருபவள். வாடிக்கையாளர் எப்போது வாய் நிறைய வைத்திருக்கிறாரோ அப்போது சரியாகப் பக்கத்தில் முளைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

"எல்லாம் ஓகேவா?"

அதுவரை இருபது நிமிஷமாக அந்த மேசையில் ஒரு விசாரணைக் கமிஷன் நடந்துகொண்டிருந்தது. பீஃப், செருப்புத்தோலுக்குச் சமானம் என்று தீர்ப்பாகிவிட்டது. கேரட் வெந்த நேரம் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. ஒருவர் மூன்று மணி நேரம் என்றார், ஒருவர் வேகவே இல்லை என்றார். மனைவி, "நீங்க சொல்லுங்களேன்" என்றிருந்தார். "வரட்டும், சொல்றேன்" என்று இவரும் சூளுரைத்திருந்தார். இதோ, வந்துவிட்டாள்.

அவர் முகம் மலர்கிறது. வாயில் இருப்பதை அவசரமாக விழுங்குகிறார். விழுங்க முடியவில்லை, அது அந்த பீஃப். கட்டை விரலை உயர்த்துகிறார். ஒருவழியாக இறங்கியதும் வார்த்தை வருகிறது: "பிரமாதம், நன்றி! ரொம்பப் பிரமாதம்!"

மனைவியும் "லவ்லி" என்கிறார். அவள் போன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

இதற்கு அவர் வைத்திருக்கிற நியாயங்கள் பல. சின்னப் பெண், அவள் என்ன செய்வாள்? ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் ஆள் பற்றாக்குறை. சமையல்காரர் என்ன வீட்டுக் கஷ்டத்தில் இருக்கிறாரோ. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். முக்கியமான நியாயத்தை அவர் சொல்வதில்லை: சொன்னால் சரிசெய்துவிடுவார்களே என்ற பயம்.

ஒருமுறை சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பார்க்க வந்த அமெரிக்கர் ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தார். தட்டைத் தொட்டுப் பார்த்தார். "எக்ஸ்கியூஸ் மி, இது ஆறிப்போயிருக்கு. கொஞ்சம் சூடா கிடைக்குமா?" என்றார், சாதாரணக் குரலில், சிரித்துக்கொண்டே. பப் முழுவதும் அவரவர் தட்டைக் குனிந்து பார்த்தது. கவுண்டரில் ஊற்றிக்கொண்டிருந்த பியர் பாதியில் நின்றது. நம்மவருடைய காதுகள் சிவந்துவிட்டன. சம்பந்தமே இல்லாத ஒரு மனிதருக்காக இவர் வெட்கப்பட்டார். ஐந்து நிமிஷத்தில் புதுத் தட்டு வந்தது, ஆவி பறக்க. அந்த ஆவியை அவர் பார்த்த பார்வையில் காதல் இருந்தது. "என்ன ஜனங்களோ" என்று மனைவியிடம் முணுமுணுத்துவிட்டு உறைந்துபோன தன் கிரேவியைக் கத்தியால் வெட்டினார்.

அவருக்குப் பிடித்த பப் என்று ஒன்று உண்டா? உண்டு. அது இருபது வயதில் அவர் போன பப். அப்போது மதியம் கதவைச் சாத்திவிடுவார்கள்; முதல் உலகப்போரில் தொழிற்சாலை ஆட்கள் குடித்துவிட்டு வேலை கெடக் கூடாதென்று கொண்டுவந்த அந்தப் பகல் மூடல் 1988 வரை போகவில்லை. உள்ளே சிகரெட் புகையில் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. அதை 2007ல் சட்டம் போட்டுத்தான் வெளியேற்றினார்கள். சாப்பாடு, மேற்படி ஜாடி முட்டை. "அந்தக் காலத்துல பப் பப்பா இருந்தது" என்று பெருமூச்சு விடுவார். ஜார்ஜ் ஆர்வெல் 1946ல் தனக்குப் பிடித்த பப்பை ஒரு கட்டுரையில் அங்குலம் அங்குலமாக வர்ணித்துவிட்டுக் கடைசியில், அப்படி ஒரு பப்பே கிடையாது என்று கையை விரித்தார். நம்மவர் ஆர்வெல்லைவிடப் பிடிவாதக்காரர். கையை விரிக்க மாட்டார்.

பில் கொடுக்கும்போது டிப்ஸ் தாராளமாக வைப்பார். பொய் சொன்னதற்கான அபராதம் அதில் சேர்ந்திருக்கிறது. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் தீர்ப்பு முழுவதும் வாசிக்கப்படும். "இனிமே இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது." வீட்டுக்குப் போனதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அதே மேசையைச் சொல்லி வைப்பார், இல்லாவிட்டால் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு சோதனைக்காலம் வந்தது. பப்பை மூடி வீடாக்கி விற்கப்போவதாகச் செய்தி. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற கிராமத்தில் 2003லேயே ஊர்க்காரர்கள் பங்கு போட்டுத் தங்கள் 'ஓல்ட் கிரவுன்' பப்பை வாங்கிக் கூட்டுறவாக நடத்தத் தொடங்கிவிட்டார்கள். நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று ஊர் கூடியது. முதலில் எழுந்து பேசியவர் நம்மவர். "இந்த மாதிரி சாப்பாடு இந்த மாவட்டத்துல எங்கேயும் கிடையாது" என்றார். வார்த்தைக்கு வார்த்தை உண்மை என்பதால் எல்லோரும் கை தட்டினார்கள். சேமிப்பிலிருந்து பங்கும் வாங்கினார். பப் பிழைத்தது.

இப்போது அவர் முதலாளிகளில் ஒருவர். முதல் பங்குதாரர் கூட்டத்துக்குக் குளித்து டை கட்டிக்கொண்டு வந்தார். கணக்கு வாசித்தார்கள், கூரை ஒழுகுவதைப் பேசினார்கள். கடைசியாகத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாப்பாடு பற்றி யாருக்காவது ஏதாவது குறை இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்" என்றார். சமையல்காரரும் கையில் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

ஒரு கைகூட உயரவில்லை. நம்மவர் மட்டும் எழுந்து, சமையலறைக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது. பிறகு எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். கார் நிறுத்துமிடத்தில், தூறலில் நின்றபடி, உண்மையான கூட்டம் முக்கால் மணி நேரம் நடந்தது.