நல்லி எலும்பும் நொண்டி ஆடும்: ஓர் ஒப்பாய்வு

1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. அன்று தொட்டு இன்றுவரை, காவல் தெய்வம் முனியாண்டிக்கு வெட்டிய கிடா மறுநாள் காலையில் ஏன் எழுந்து வருவதில்லை என்று எந்த அறிஞரும் கேட்டதில்லை. யாரும் கேட்காததே கேள்வியின் ஆழத்துக்குச் சான்று.

கேள்வி வடக்கிலிருந்து வந்தது. வடக்கென்றால் தைப்பிங் அல்ல, ஐஸ்லாந்து. 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்துர்லுசன் எழுதிய 'எட்டா' என்ற நூலில், இடிக்கடவுள் தோர் ஒரு குடியானவன் வீட்டில் தங்குகிறார். தேரிழுக்கும் தம் இரண்டு ஆடுகளையும் அறுத்துச் சமைத்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, எலும்பை மட்டும் தோலின்மேல் வைக்கச் சொல்கிறார். விடிந்ததும் சுத்தியலை ஓங்கி ஆசீர்வதிக்க, ஆடுகள் எழுகின்றன. ஒன்று பின்னங்காலை இழுக்கிறது. வீட்டுப் பையன் தியால்வி தொடையெலும்பைக் கத்தியால் பிளந்து நல்லி தின்றிருந்தான்.

தண்டனையாக அவனையும் சகோதரி ரோஸ்க்வாவையும் தோர் வேலைக்குக் கூட்டிப் போனார். எலும்பு ஒன்று, ஆள் இரண்டு. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகூட முன்பணம் கொடுத்துத்தான் ஆள் பிடித்தார். தோட்டக்காட்டுக்கு ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. தோரை நிறுத்த ஓர் அரசும் இல்லை.

இனி, நம் கிடா ஏன் எழவில்லை என்பதற்கு மலாக்காத் தரவுகள்.

முதல் இயல், நகரம்: 1781இல் டச்சுக்காரர் தந்த நிலத்தில் எழுந்த பொய்யாத விநாயகர் சைவம். எலும்பில்லை. இயல் முற்றிற்று.

இரண்டாம் இயல், காஜா பேராங் செட்டிகள்: முன்னோருக்குப் பழம் படைக்கும் 'பார்ச்சு' சடங்கில் கொட்டை உண்டு, எலும்பில்லை.

மூன்றாம் இயல், தோட்டம்: 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பால்மரம் வெட்ட வந்தவர்கள் முனியாண்டியைக் காவலுக்கு வைத்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தும் அவர் வேலையை விடவில்லை; சம்பளமும் உயரவில்லை. அதே சுருட்டு, அதே ஸ்டவுட். தோர் மணப்பெண் வேடத்தில் போய் ஒரு மாடும் எட்டு சால்மன் மீனும் தின்று மூன்று பீப்பாய் மது குடித்தவர். முனியாண்டி ஒரு போத்தலோடு நிற்பார். மிச்சத்தைக் குடிப்பது பக்தர்கள் (ஒட்டுக்கடை மரபு, மூன்றாம் மேசை).

கிடா எழாததற்குக் காரணம் நல்லி. பந்தியில் நல்லி உண்போர் இரு பள்ளியினர். தட்டுநர், எலும்பைத் தட்டின் விளிம்பில் 'டொக், டொக்' என்று தட்டி, கண்ணருகே தூக்கி உள்ளே பார்த்து, மறுபடி தட்டி உறிஞ்சுவர் (பந்திப்பாய் வாய்மொழித் தொகை, ஏப்பத்துக்கு முந்திய பாடம்). ஜாசின் பக்கத்து உடைநர் கடைவாயில் வைத்துக் கடித்து முடிப்பர் (மேற்படி, ஏப்பத்துக்குப் பிந்திய பாடம், இதில் 'ஆடு' என்பது 'கோழி' எனத் திரிந்துள்ளது. திரிபுக்கு ஸ்டவுட்டே காரணம் என்பது கறிச்சட்டி ஏட்டின் அடிப்பிடித்த பகுதி தரும் உரை, சுரண்டிப் படிக்க). தியால்வி ஐயத்துக்கிடமின்றி உடைநர். ஆகவே அவன் ஜாசின் பக்கத்துப் பையன். ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பில் ஒரு கப்பல் மட்டும் வழி தவறி ஐஸ்லாந்து போயிருந்தால் எல்லாம் பொருந்துகிறது. இதைவிட மெலிந்த ஆதாரத்துக்குப் பொன்னாடை போர்த்தியதைப் பார்த்திருக்கிறோம்.

இடைக்குறிப்பு: தோரின் தந்தை ஓடின் கழுகாகப் பறந்து, குடித்தவரைக் கவிஞராக்கும் மதுவைக் கொண்டுவரும்போது பின்பக்கமாகக் கொஞ்சம் சிந்தியது மோசமான கவிஞர்களின் பங்காம். நம் கவியரங்குகளுக்கு அது எந்தக் கப்பலில் வந்தது என்பது தனி ஆய்வு.

எனவே அடுத்த திருவிழாவில் தட்டுநரை மட்டும் பந்தியில் உட்காரவைத்து, முழு எலும்புகளைத் தோலில் அடுக்கி விடியும்வரை காத்திருக்க வேண்டும் என முன்மொழிந்தோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்தார்: "ஏன் தம்பி, கறி போடும்போதே எலும்பத் துண்டு துண்டா வெட்டிடுறோமே, அப்புறம் எந்தக் கால ஊனி எழுந்திரிக்கும்?"

அவர் முனைவர் பட்டம் பெறாதவர் என்பதால் கேள்வி ஆய்வெல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது.