கட்டபெட்டுக் குளிரில் குண்டலினி

கேள்வி: குண்டலினி எழும்பினால் முதுகுத்தண்டில் சூடு ஏறுமாமே? எங்கள் ஊர்க் குளிருக்கு உதவுமா? அப்படியே ஆத்மஞானமும் வந்துவிடுமா?
– ஒரு வாசகர், கட்டபெட்டு (நீலகிரி)

பதில்: கம்பளியை விற்றுவிடாதீர்கள். முதுகுத்தண்டின் அடியிலுள்ள மூலாதாரத்தில் பாம்புபோல மூன்றரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் சக்தி, ஆதாரங்கள் என்னும் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து உச்சந்தலையைச் சேரும் என்கின்றன யோக நூல்கள். ஸ்கேன் எடுத்துத் தேடக் கூடாது. அது சாதகன் உள்ளே போவதற்கான வரைபடம். நம் திருமூலர் ஆறு ஆதாரங்களையும் எப்போதோ பாடிவிட்டார். 1919-ல் கல்கத்தா நீதிபதி ஜான் உட்ரோஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் இதைப்பற்றிப் புத்தகம் போட்டபின் வெள்ளைக்காரர்களுக்கும் ஆசை வந்தது. இப்போது சனி, ஞாயிறு வகுப்பிலேயே பாம்பை எழுப்பித் தருகிறார்கள், ரசீதோடு!

ஆத்மஞானத்துக்கு வந்தால், ரமணர் முதுகுத்தண்டுப் பக்கமே போகவில்லை. 1896-ல், 16 வயதில், மதுரை வீட்டில் திடீரென்று மரண பயம் வந்தது. டாக்டரைத் தேடாமல் பிணம்போலப் படுத்து, ‘சாவது யார்?’ என்று பார்த்தார். கட்டணம் கிடையாது. ஆனால், கேள்வி கடினம். என் ஓட்டு அந்த வழிக்கே.

அதே கேள்வியோடு போக உங்களுக்கு ரமணர் இருந்த திருவண்ணாமலை தூரமென்றால் ஊட்டி பஸ் ஏறுங்கள். நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923-ல் தொடங்கிய நாராயண குருகுலம் ஃபெர்ன்ஹில்லில் இருக்கிறது. பிற்பாடு பாரீஸ் சோர்போனில் டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர். அவருடைய சீடர் நித்ய சைதன்ய யதி 1999-ல் மறையும்வரை வாழ்ந்ததும் அங்கேதான். அடுத்தமுறை ஊட்டி போனால், பொட்டானிக்கல் கார்டனுக்கு முன்னால் அங்கே எட்டிப் பாருங்கள்.