பதிவேட்டில் விடும் குறட்டை

மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது சர்வதேச விதி. துறைமுகத்தில் விடிய விடியச் சரக்கு இறக்கியவர், ஓய்வு நேரப் பதிவேட்டில் மட்டும் அருமையாகத் தூங்கியிருப்பார். உண்மையை எழுதினால் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். இன்னொரு ஆள் வரமாட்டார்.

1987-இல் பெல்ஜியத்தின் ஜீப்ரூக்கில் ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற கப்பல் முன்கதவைத் திறந்துபோட்டபடியே புறப்பட்டுக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் அறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட, கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் ஒரு விளக்கு வையுங்கள் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். நிர்வாகம் அதைக் கிண்டலடித்துக் குறிப்பெழுதியது. பிறகு விளக்கும் வந்தது, பாதுகாப்பு விதித்தொகுப்பும் வந்தது. கூடவே படிவங்கள். அவற்றை நிரப்பும் நேரமும் ஓய்வுக் கணக்கில்தான் சேர்கிறதாம்.