எழுத்து மூலமாகக் கொடுங்கள்

என் மாமனார் வங்கிக் கணக்கைப் பாதுகாப்பதில் கெட்டிக்காரர் என்று குடும்பத்தில் பெயர். பாஸ்புக் மஞ்சள் பைக்குள், மஞ்சள் பை டிரங்குப் பெட்டிக்குள், டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில், கட்டிலின் மேல் அவர். ஏடிஎம்மில் அவர் பணம் எடுக்கும்போது வரிசையில் நிற்பவர்கள் தெருவுக்கே இறங்கிவிட வேண்டும். ஆனால் கார்டின் உறையைத் திருப்பினால் நீல மையில், கல்வெட்டு மாதிரி நாலு இலக்கம். "மறந்துட்டா என்ன மாப்ளே பண்றது?" என்பார். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, நகைக்கடை கொடுத்த தினசரி காலண்டரின் அட்டையில், மகாலட்சுமியின் பாதத்துக்குக் கீழே இருக்கிறது. காவலுக்கு அவளே போதும் என்று ஏற்பாடு.

அது கூடப் பரவாயில்லை. இப்போதைய திருடன் கட்டிலுக்கு அடியில் புகுவதில்லை; போன் பண்ணுகிறான். மாமாவுக்கோ எதிர்முனையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைக்கத் தெரியாது. தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது "சார்" என்றால் சாய்வு நாற்காலியிலும் நிமிர்ந்து உட்காருவார். கிரெடிட் கார்டு விற்கிற பெண்ணிடம் சாப்பாடு ஆச்சா என்று விசாரிப்பார்.

அப்படித்தான் ஒரு ராத்திரி அழைப்பு வந்தது. "கேஒய்சி முடியல சார். பன்னிரண்டு மணிக்குள்ள உங்க கணக்கு முடங்கிடும்." மாமா நெகிழ்ந்துபோனார். பாஸ்புக்கில் வரவு பதியப் போனால் "மெஷின் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்று அனுப்புகிற இடத்தில், ராத்திரி ஒன்பதரைக்கு நம் கணக்கை நினைத்துத் தூங்காமல் ஒருவர்! சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும்.

"ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க சார்" என்றான் அவன்.

மாமாவுக்குள் இருந்த தாலுகா ஆபீஸ் விழித்துக்கொண்டது. "அப்படி வாய் வார்த்தையா எதையும் கொடுக்க முடியாது தம்பி. எழுத்து மூலமா விண்ணப்பம் கொடுங்க. அடையாள அட்டை நகல் ரெண்டு, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தோட. நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல நேர்ல வாங்க."

அவன் கெஞ்சினான், மிரட்டினான். மாமா இணைப்புகளின் பட்டியலை நீட்டிக்கொண்டே போனார். கடைசியில் லைன் அறுந்தது. "மரியாதை தெரியாத பய. பேசிக்கிட்டிருக்கும்போதே வெச்சுட்டான்" என்று இன்றுவரை அவருக்கு மனக்குறை.

எல்லோருக்கும் தாலுகா ஆபீஸ் அனுபவம் வாய்க்காது. போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று ஒருவன் சொன்னதும், படித்தவர்களே கதவைச் சாத்திக்கொண்டு சேமிப்பை எல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். கொஞ்ச காலம் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் எச்சரிக்கைக் குரல்தான் கேட்டது. நம் மக்கள் கூசாமல் திட்டி, பாதியில் துண்டிக்கத் துடித்த குரல் அது ஒன்றுதான்.

பழைய கட்டிலை இணையத்தில் விற்கப் போனவருக்கு இன்னொரு வகை. வாங்குகிறவன் பேரம் பேசாமல் சொன்ன விலைக்கே சம்மதிப்பான். நம் ஊரில் இதைவிட வேறு என்ன தடயம் வேண்டும்? "கியூஆர் கோடு அனுப்புறேன். ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்பான். யுபிஐயில் பணம் பெற பின் நம்பரே தேவையில்லை. பின் கேட்டாலே பணம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு வருவதும் உண்டு. திறந்து இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால், அந்தச் செயலி போனில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு வரும் ஓடிபிகளை அவனுக்கு அனுப்பும். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று தெரிவதற்குள் மொய் போய்ச் சேர்ந்துவிடும்.

ரிசர்வ் வங்கி 2017-ல் ஒரு விதி பிறப்பித்தது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நஷ்டம் நம் தலையில் விழாது. ஓடிபியை நாமே தாரை வார்த்திருந்தால், வங்கியிடம் சொல்லும் நிமிடம் வரை போனதெல்லாம் நம் கணக்கு. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆனால் நம்மவர்கள் பணம் போனதைவிட, மருமகனுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் அதிகம் கவலைப்படுகிறார்கள். வெளியே சொல்ல நாலு நாள் ஆகிறது. அதற்குள் பணம் பல கணக்குகள் மாறிவிடுகிறது.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால் வேண்டாம். வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் மட்டும் உடனே சொல்லுங்கள். அந்த எண்ணில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மரியாதையாகப் பேசலாம்.